தயங்கி எரியும் விளக்கு

சென்ற வாரம் ஒரு மாலைப் பொழுதில் நாம் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். காப்பி, பலகாரம் எல்லாம் முறைப்படி வந்தன. அவற்றைப் பற்றி எழுதுவதற்கு இது இடமல்லவாகையால் மேலே செல்கிறோம். இருட்டத் தொடங்கியதும் நண்பரின் மனைவியார் கூடத்து விளக்கின் பொத்தானைத் தட்டினார். அது பழைய மாதிரிக் குழல் விளக்கு. சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்தது. அதன் இரு முனைகளும் செந்நிறமாகக் கனன்றன. ஒரு முறை மின்னிற்று, அணைந்தது. மறுபடியும் மின்னிற்று, மறுபடியும் அணைந்தது. நாம் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு, ஒரு முடிவுக்கு வந்தாற்போல் அது பளிச்சென்று எரியலாயிற்று.

"நம் வீட்டில் இரண்டு டியூப் லைட். ஒன்று மேலே தொங்குகிறது, ஒன்று கீழே உட்கார்ந்திருக்கிறது" என்றார் நண்பரின் தம்பி. கீழே உட்கார்ந்திருந்தது நண்பரின் பத்து வயதுப் பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயம் பிறகுதான் தெரிய வந்தது. வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால் இவனுக்கு விடை உடனே வருவதில்லையாம். மற்றப் பிள்ளைகள் கையைத் தூக்கி, விடை சொல்லி, உட்கார்ந்த பிறகே இவன் எழுந்திருப்பானாம். அதனால் வகுப்பில் அவனுக்கு 'டியூப் லைட்' என்று பட்டம் சூட்டிவிட்டார்கள். அந்தப் பட்டம் சித்தப்பாவின் வாய் வழியாக வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. "இரண்டு மாதமாக வகுப்பில் இவன் எழுந்திருப்பதே இல்லை" என்று தாயார் தாழ்ந்த குரலில் சொன்னார்.

நாம் விடைபெற்றுக்கொண்டு எழுந்தபோது பிள்ளை வாசல் வரையில் கூட வந்தான். "மாமா, அது ஏன் உடனே எரியமாட்டேன் என்கிறது?" என்று மெதுவாகக் கேட்டான். அதைக் கேட்க அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆனால் விளக்கைப் பார்த்துச் சிரித்த பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. சுருக்கமாக ஒரு விடையை அங்கேயே சொன்னோம். விரிவான விடையை இங்கே எழுதுகிறோம். தம் வீட்டுப் பிள்ளைகளில் யாரையேனும் இந்தப் பெயரால் அழைத்து வரும் நேயர்கள் இதைச் சற்றுக் கவனத்துடன் படிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலில், அந்தக் குழலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சாதாரண குண்டு விளக்கில் இரண்டு முனைகளையும் இணைக்கும் உலோக இழை ஒன்று உண்டு. மின்சாரம் அதன் வழியே ஓடுகிறது. இழை வெண்ணிறமாகக் காய்ந்து ஒளி தருகிறது. குழல் விளக்கில் அப்படி ஒரு பாலம் கிடையாது. ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நடுவே சுமார் 4 அடி தூரம் வெறும் வாயுதான் இருக்கிறது. ஆர்கான் என்னும் வாயுவைக் கொஞ்சமாக அடைத்து, அதனுடன் சில மில்லிகிராம் பாதரசத்தையும் விட்டிருப்பார்கள். வெளியே நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கும்.

வாயு மின்சாரத்தைக் கடத்தாது என்பது நாம் அன்றாடம் அநுபவிக்கும் சௌகரியம். கடத்துமானால், சுவரில் உள்ள மின்சாரப் பொத்தானிலிருந்து நம் மூக்கு வரையில் மின்சாரம் பாய்ந்துவிடும். சாதாரணக் காற்றில் 1 சென்டிமீட்டர் இடைவெளியை மின்பொறி தாண்டவேண்டுமானால் ஏறக்குறைய 30,000 வோல்ட் வேண்டும். நம் வீட்டுக்கு வருவதோ 230 வோல்ட். அதைக்கொண்டு 4 அடியைத் தாண்டவேண்டும்! இந்தக் காரியம் எப்படி நடக்கிறது என்பதுதான் கதை.

வாயுவின் அணு ஒவ்வொன்றிலும் நடுவே நேர் மின்சாரம் கொண்ட கருவும், அதைச் சுற்றி எதிர் மின்சாரம் கொண்ட எலெக்ட்ரான்களும் இருக்கின்றன. இரண்டும் சரிக்குச் சரியாக இருப்பதால் அணு வெளியுலகுக்கு நடுநிலையாகத் தோன்றுகிறது. மின்சாரம் ஏற்றிய பொருளைச் சுற்றி அதன் அதிகாரம் செல்லும் பிரதேசம் ஒன்று உண்டு. அதற்கு மின்புலம் என்று பெயர். நடுநிலையான அணு இந்த அதிகாரத்துக்கு அவ்வளவாகச் செவிசாய்ப்பதில்லை. ஆனால் ஓர் எலெக்ட்ரான் மட்டும் தனியே கழன்று நின்றால், மின்புலம் அதை உடனே பிடித்து நேர் முனையை நோக்கி இழுக்கிறது. எலெக்ட்ரானை இழந்த அணுவுக்கு அயனி என்று பெயர். அது எதிர் முனையை நோக்கி, யானை நடையாக நகர்கிறது.

ஆகவே விளக்கு எரிவதற்கு முதல் தேவை, தனியாக நிற்கும் எலெக்ட்ரான்கள். பொத்தானைத் தட்டியவுடன் நடப்பதெல்லாம் அவற்றைச் சேகரிக்கும் முயற்சியே.

ஸ்டார்ட்டர் என்ற அந்தச் சிறு டப்பிக்குள் ஒரு கண்ணாடிக் குப்பி. அதற்குள் இரண்டு தகடுகள், ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. பொத்தானைத் தட்டியதும் குப்பிக்குள் இருக்கும் வாயு மங்கலாக ஒளிர்ந்து, தகட்டைச் சூடாக்குகிறது. தகடு இருவேறு உலோகங்களை ஒட்டிச் செய்ததாகையால் சூட்டில் வளைந்து மற்றதைத் தொடுகிறது. இப்பொழுது மின்சாரம் குழலின் இரு முனைகளிலும் உள்ள சிறு இழைகள் வழியாக ஓடி அவற்றைக் காய்ச்சுகிறது. நாம் பார்த்த செந்நிறக் கனல் இதுதான். இழைகளின்மேல் பேரியம் முதலிய உலோகங்களின் ஆக்ஸைடைப் பூசியிருக்கிறார்கள். சூடு ஏறியதும் அந்தப் பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள், அடுப்பில் வைத்த பாலிலிருந்து ஆவி எழுவதுபோல, எழுகின்றன.

இதற்குள் ஸ்டார்ட்டரின் தகடு ஆறி, பழையபடி விலகுகிறது. விலகிய அந்தக் கணத்தில் சோக் தன் வேலையைக் காட்டுகிறது. சோக் என்பது இரும்பின்மேல் சுற்றிய கம்பிச் சுருள். ஓடிக்கொண்டிருந்த மின்சாரத்தைத் திடீரென்று நிறுத்தினால் அதற்குப் பிடிக்காது. நின்றுபோன ஓட்டத்தைத் தொடரும் ஆத்திரத்தில் அது பல நூறு வோல்ட் வேகமுள்ள ஓர் உதையைக் குழலின் இரு முனைகளுக்கும் இடையே கொடுக்கிறது. ஆனால் நம் வீட்டு மின்சாரமோ வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைவது. அது ஓய்ந்திருக்கும் கணம் பார்த்துத் தகடு விலகினால் உதையில் வலுவிராது. இழை போதிய அளவு காயாவிட்டாலும் பயனில்லை. அப்பொழுதெல்லாம் விளக்கு மின்னி அணைந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறது. நாம் சிரித்தது இந்த மறுமுயற்சியைப் பார்த்துத்தான்.

உதை சரியாக விழுந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். காத்திருந்த எலெக்ட்ரான்கள் பாய்ந்தோடுகின்றன. இங்கேதான் குழலுக்குள் வாயுவைக் குறைத்து வைத்ததன் சூட்சுமம் விளங்கும். ஜன நெருக்கடி மிகுந்த கடைத்தெருவில் ஒரு சிறுவன் ஓட முயன்றால் இரண்டு அடிக்கு ஒருவர்மேல் இடித்துக்கொள்வான். வேகம் எடுக்க முடியாது. பெரிய மைதானத்தில் ஓடினால் வேகம் எடுக்கலாம். நிறைந்த காற்றில் எலெக்ட்ரானின் கதி கடைத்தெருச் சிறுவனுடையது. குழலுக்குள்ளோ அடுத்த அணுவை மோதுமுன் அது நன்றாக வேகம் பிடித்துவிடுகிறது. வாயுவை மேலும் மேலும் குறைத்துக்கொண்டே போனால் மோதுவதற்கு அணுவே அகப்படாமல் போய்விடும். இரண்டுக்கும் நடுவே தக்க அளவு ஒன்று உண்டு என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி பாஷென் 1889-ல் அளந்து காட்டினார்.

வேகம் பிடித்த எலெக்ட்ரான் ஓர் அணுவை மோதி அதிலிருந்து இன்னோர் எலெக்ட்ரானைப் பெயர்க்கிறது. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்து நெல்மணி கேட்ட கதையை நேயர்கள் அறிவார்கள். 20 முறை இரட்டித்தால் ஒன்று பத்து லட்சத்துக்கு மேலாகிறது. 30 முறை இரட்டித்தால் நூறு கோடியைத் தாண்டுகிறது. மலைச் சரிவில் உருளும் பனி மேலும் பனியைச் சேர்த்துக்கொண்டு பெருகுவதைப்போன்ற இந்தப் பெருக்கத்தை முதன் முதலாகக் கணக்கிட்டு விளக்கியவர் டவுன்ஸெண்டு என்ற ஐரிஷ்காரர். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மின்சாரம் கடத்தாத வாயு, மின்சாரம் கடத்தும் பொருளாக மாறிவிடுகிறது. திடம், திரவம், வாயு என்ற மூன்றிலும் சேராத இந்த நான்காவது நிலைக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். அமெரிக்காவில் ஸ்கெனெக்டடி நகரத்துத் தொழிற்கூடத்தில் ஆராய்ச்சி செய்துவந்த இர்விங் லாங்மியூர் 1928-ல் இந்தப் பெயரை வைத்தார்.

சோக்கின் உத்தியோகம் இத்துடன் முடியவில்லை. கம்பியில் அதிக மின்சாரம் ஓடவேண்டுமானால் அதிக வோல்ட் கொடுக்கவேண்டும் என்பது பள்ளிக்கூடப் பாடம். குழல் விளக்கின் பிளாஸ்மா இந்தப் பாடத்தைப் படித்ததில்லை. மின்சாரம் அதிகமாக ஆக, அதில் எலெக்ட்ரான்களும் பெருகுகின்றன. ஆகவே முன்னிலும் குறைந்த வோல்ட்டே போதுமென்றாகிறது. அதைக் கேட்பாரில்லாமல் விட்டுவிட்டால் மின்சாரம் மேலும் மேலும் பெருகி, இழை கருகும். இல்லாவிட்டால் வீட்டு பியூஸ் போகும். எரிய வைத்த சோக்கே இப்பொழுது கடிவாளமாக நின்று, மின்சாரத்தை அரை ஆம்பியருக்குள் அடக்கி வைக்கிறது. 4 அடி நீளக் குழலின் இரு முனைகளுக்கும் இடையே இப்பொழுது ஏறக்குறைய 100 வோல்ட்தான் நிற்கிறது. அது ஸ்டார்ட்டரை மறுபடி எழுப்பப் போதாது. எரிகிற விளக்கிலிருந்து ஸ்டார்ட்டரைக் கழற்றி எடுத்துவிட்டாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இனி, பிளாஸ்மாவின் விசேஷ குணத்துக்கு வருவோம். லாங்மியூர் தம் ஆராய்ச்சியில் ஒரு மெல்லிய கம்பியைப் பிளாஸ்மாவுக்குள் நுழைத்து, அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் ஏற்றினார். அந்தக் கம்பியின் மின்புலம் குழல் முழுவதும் பரவி எல்லாவற்றையும் கலக்கிவிடும் என்று நாம் எதிர்பார்ப்போம். அப்படி நடப்பதில்லை. கம்பி நேர் மின்சாரம் கொண்டதானால் எலெக்ட்ரான்கள் ஓடிவந்து அதைச் சூழ்ந்துகொள்கின்றன. எதிர் மின்சாரம் கொண்டதானால் எலெக்ட்ரான்கள் விலகிக்கொள்ள, அயனிகள் சூழ்கின்றன. கம்பியைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று ஏற்பட்டுவிடுகிறது. உறைக்கு வெளியே கம்பியின் அதிகாரம் செல்லாது.

கல்யாணப் பந்தலுக்குள் கரடி வேஷம் போட்ட ஒருவன் நுழைகிறான் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகள் எல்லாரும் ஓடிப்போய் அவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். வாசலருகே ஒரே அமர்க்களம். ஆனால் பந்தலின் மறு கோடியில் இருப்பவருக்குக் கரடி கண்ணிலேயே படுவதில்லை. அவர் சாவதானமாகச் சந்தனம் பூசிக்கொண்டிருக்கிறார். பிளாஸ்மாவில் நடப்பது இதுதான். குழல் விளக்கில் அந்நிய மின்புலம் நுழையக்கூடிய ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதாவது தலைமயிரின் பருமனைக் காட்டிலும் குறைவு. கம்பியின் வோல்ட்டை உயர்த்தினால் உறை சற்றுத் தடிக்கும்; அவ்வளவே.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தனி அணுவாக இருந்தவரையில் ஒவ்வொன்றும் தன்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த மின்புலம் அவற்றினிடையே தங்குதடையின்றி ஊடுருவிச் சென்றது. பிளாஸ்மாவான பிறகோ, தலைவன் என்று ஒருவனும் இல்லாமலே, கோடானுகோடி துகள்களும் ஒன்றுக்கொன்று செவிசாய்த்து, அந்நிய ஆதிக்கத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. நீண்ட காலம் அந்நிய ஆதிக்கத்தின்கீழ் இருந்து பிறகு அதை ஒன்றுகூடி நிறுத்திய தேசத்து ஜனங்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல.

"அப்படியானால் குழலின் நீளம் முழுவதும் மின்சாரம் எப்படி ஓடுகிறது?" என்று புத்திசாலியான நேயர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எலெக்ட்ரான்களும் அயனிகளும் ஓயாமல் கண்ணாடிச் சுவரில் மோதி, ஒன்றோடொன்று சேர்ந்து, மீண்டும் நடுநிலை அணுக்களாகி வீணாகின்றன. அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவதற்கும், ஓடுகிற எலெக்ட்ரான்கள் மோதலில் இழக்கும் வேகத்தைத் திருப்பித் தருவதற்கும் எவ்வளவு தேவையோ, அவ்வளவு மின்புலத்தை மட்டும் பிளாஸ்மா தனக்குள் அநுமதிக்கிறது. அது சென்டிமீட்டருக்கு 1 வோல்ட்டுக்கும் குறைவு. காற்றுக்குச் சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் வேண்டியிருந்தது என்பதை நினைவூட்டுகிறோம்.

அந்தச் சிறு மின்புலம் செய்யும் வேலை பெரிது. எரிகிற குழல் விளக்கைத் தொட்டால் இளஞ்சூடாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே எலெக்ட்ரான்களின் உஷ்ணத்தைக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 11,000 டிகிரி. சூரியனின் மேற்பரப்பைப் போல் இரு மடங்கு! இவ்வளவு உஷ்ணம் குழலை உருக்கிவிடாத காரணம் எளிது. ஓர் ஆர்கான் அணுவின் எடை ஓர் எலெக்ட்ரானைப் போல் சுமார் 73,000 மடங்கு. ஓடிவரும் கடுகு தேர்ச் சக்கரத்தில் மோதினால் தேர் அசையுமா? கடுகுதான் திரும்பித் தெறிக்கும். அதைப்போல எலெக்ட்ரான்கள் தங்கள் வேகத்தை அவ்வளவாக இழக்காமலே மோதி மோதித் திரும்புகின்றன. பாதரச அணுவின்மேல் தக்க வேகத்துடன் மோதும்போது மட்டும் அந்த அணு அச்சக்தியை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியாக வெளியிடுகிறது. குழலின் உட்புறத்தில் பூசியுள்ள வெள்ளைப் பொடி அதை வாங்கி, நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது.

நிற்க. வெளியிலிருந்து வரும் மின்புலம் ஓரிடத்தில் நில்லாமல் வேகமாக முன்னும் பின்னும் அலைந்தால் பிளாஸ்மா என்ன செய்யும்? அதற்கும் விடை உண்டு. நம் தலைக்கு மேலேயே உண்டு. பூமிக்கு மேல் சுமார் 60 மைலிலிருந்து 200 மைல் வரையிலும் அதற்கு மேலும், சூரிய ஒளியின் தாக்குதலால் காற்றின் அணுக்களில் ஒரு பகுதி பிளந்து, பிளாஸ்மா ஒன்று நிலவுகிறது. அதற்கு அயன மண்டலம் என்று பெயர். கல்கத்தாவில் பேராசிரியர் சிசிர் குமார் மித்ரா இதைப் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்து, 1947-ல் உலகமெங்கும் விஞ்ஞானிகள் எடுத்துப் படித்த பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார்.

ரேடியோ அலை என்பதும் அலைகின்ற மின்புலமே. அது பிளாஸ்மாவுக்குள் நுழையும்போது எலெக்ட்ரான்களை ஆட்டிப்பார்க்கிறது. அலை சற்று நிதானமாக ஆடினால் எலெக்ட்ரான்கள் அதற்கு ஈடுகொடுத்து எதிர்த்தாடி, உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அயன மண்டலத்தில் சிற்றலை ரேடியோவுக்கு நேரும் கதி இதுதான். அது பூமிக்குத் திரும்பி, மறுபடி மேலே சென்று, கண்டம் விட்டுக் கண்டம் தாவுகிறது. 1942-ல் ஜெர்மனியிலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பேசிய பேச்சை இந்தியாவில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்க முடிந்ததென்றால், அந்தக் குரலை வானத்திலிருந்து நமக்குத் திருப்பி அனுப்பியது இந்தப் பிளாஸ்மாதான். ஆங்கில அரசாங்கத்தின் தணிக்கையாளருக்கு அவ்வளவு உயரம் எட்டவில்லை! அலை மிக வேகமாக ஆடினாலோ எலெக்ட்ரான்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அலை ஊடுருவிப் போய்விடுகிறது. எப்.எம். ரேடியோவின் அலைகள் அவ்வாறு அயன மண்டலத்தைத் துளைத்து விண்வெளிக்குச் சென்றுவிடுவதால், ஓர் ஊர் நிலையத்தைத் தொலைதூரத்தில் கேட்க முடிவதில்லை.

பிளாஸ்மாவைப் பற்றி எழுதுகிறவர் நம் தேசத்து மேகநாத் சாஹாவைச் சொல்லாமல் முடித்தால் நன்றி மறந்தவராவார். குழல் விளக்கில் மின்புலம் அணுவைப் பிளக்கிறது. சூரியனிலும் நட்சத்திரங்களிலும் உஷ்ணமே அதைச் செய்கிறது. எவ்வளவு உஷ்ணத்தில், எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை அணுக்கள் பிளந்து நிற்கும் என்பதைச் சொல்லும் சூத்திரத்தை 1920-ல், தமது 26-ஆம் வயதில், சாஹா வெளியிட்டார். நட்சத்திரங்களின் ஒளியைப் பார்த்து அவற்றின் உஷ்ணத்தைக் கண்டறியும் வழி அதனால் திறந்தது. டாக்காவுக்கு அருகே ஒரு கிராமத்தில் சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாக 1893-ல் பிறந்தவர் அவர். வங்கப் பிரிவினைக் கிளர்ச்சிக் காலத்தில் கவர்னர் புல்லரின் வருகையைப் பகிஷ்கரித்த மாணவர்களுடன் சேர்ந்ததற்காக உபகாரச் சம்பளத்தை இழந்தார். பள்ளிக்கூடத்தையும் விட்டு வெளியேற நேர்ந்தது. அந்தப் பையன் உருப்படமாட்டான் என்று எண்ணியவர்கள் அன்று எத்தனை பேரோ!

இனி நம் சிறுவனிடம் திரும்புவோம். பொத்தானைத் தட்டியவுடன் எரியும் குழல் விளக்குகளும் உண்டு. இழையை முதலில் காய்ச்சாமல், எடுத்த எடுப்பில் பெரிய வோல்ட்டைக் கொடுத்து எரியவைக்கும் முறை அது. அதில் ஒரு தோஷம் இருக்கிறது. குளிர்ந்த இழையிலிருந்து எலெக்ட்ரான்களைப் பலவந்தமாகப் பிடுங்கும்போதெல்லாம் அதன்மேல் உள்ள பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறுகிறது. அடிக்கடி ஏற்றி அணைக்கும் இடத்தில் இத்தகைய விளக்கின் முனைகள் சீக்கிரம் கறுத்துப்போகும், ஆயுளும் குறையும். பக்குவமாகக் காய்ந்து, தயாரான பிறகு எரிகிற விளக்கு நெடுநாள் நிற்கும். தாமதம் என்று நாம் நினைத்தது ஆயுளைக் காக்கும் ஏற்பாடாக இருக்கிறது.

இப்பொழுது பல வீடுகளில் எல்.ஈ.டி. விளக்குகள் வந்துவிட்டன. அவை வேறு ஜாதி. பிளாஸ்மாவும் இல்லை, தயக்கமும் இல்லை, மின்சாரச் செலவும் குறைவு. நல்லதுதான், வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஆனால் பொத்தானைத் தட்டியவுடன் ஒளி வேண்டும் என்ற அவசரத்தை விளக்குக் கடையிலேயே விட்டுவிட்டு வரவேண்டும், குழந்தைகளிடம் காட்டலாகாது. ஒரு கேள்வி பிள்ளையின் மனத்துக்குள் விழுந்து, அங்கே காய்ந்து, ஒருமுறை மின்னி அணைந்து, மறுபடி முயன்று, பிறகு எரியலாம். அந்த நேரத்தில் மற்றவர்கள் சிரித்துவிட்டால், பாதிக் காய்ச்சலில் பொத்தானை அணைத்தது போலாகும். இரண்டு மாதமாக ஒரு பிள்ளை வகுப்பில் எழுந்திருக்கவில்லை என்றால், அணைத்தவர்கள் நாம்தாம்.

வாசலில் நின்று அவனிடம் நாம் சொன்ன சுருக்கமான விடை இதுதான்: "அது உள்ளே ரொம்ப வேலை செய்துகொண்டிருக்கிறது, தம்பி. வெளியிலே தெரிவதில்லை." அவன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு, "அப்படியானால் எரிந்த பிறகு ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டான். வாசற்கதவருகே நின்றிருந்த சித்தப்பாவுக்கு அதற்கு விடை தெரியவில்லை. இந்த இதழை அவருக்கு ஒரு பிரதி அனுப்பி வைக்கிறோம்.